ஆர்டர் வந்துவிட்டது, ஆள் வரவில்லை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் கோர்ட்டில் நான் பிராக்டிஸ் ஆரம்பித்தபோது, இலவச சட்ட உதவி என்றால் ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆட்டை விற்பார்கள், அண்டாவை அடகு வைப்பார்கள், பத்து வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். காசு கேட்காத வக்கீலிடம் கேஸ் கட்டைக் கொடுக்க மட்டும் மனசு வராது. மகன் திருட்டுக் கேசில் ரிமாண்டில் இருந்த ஓர் இருளர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏம்மா, காசு வாங்காத வக்கீலு ஜட்ஜு எதிர்ல வாயத் தொறந்து பேசுவாங்களா?"

நியாயமான கேள்வி. அவருக்கு இலவசமாகக் கிடைத்தது எதுவும் அதுவரை முழுசாகக் கிடைத்ததில்லை.

அப்போது எங்களைப் போன்ற இளம் வக்கீல்களுக்கு டெல்லியில் கபிலா ஹிங்கோரானி செய்த காரியம் பெரிய ஆதர்சம். பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள் கிடக்கும் கிடப்பைப் பற்றி ருஸ்தம்ஜி என்ற போலீஸ் அதிகாரி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று இன்றைக்குச் சட்டக் கல்லூரியில் பாடமாக இருப்பது அதுதான். 1979-இல் நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்புச் சொன்னது. சாட்டப்பட்ட குற்றத்துக்குச் சட்டம் தரும் அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே நடக்காமல், பாட்னாவிலும் முசாபர்பூரிலும் அடைந்து கிடந்தவர்கள் அந்த வழக்கில் வெளியே வந்தார்கள். அதன் தொடர்ச்சியாக நாடு முழுக்க நாற்பதாயிரம் பேர் வரை விடுதலையானதாகச் சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுப்பது தர்மம் அல்ல, அவருடைய உரிமை என்று அந்தத் தீர்ப்பு அடித்துச் சொன்னது. அரசியல் சட்டத்தில் 1976-இல் சேர்ந்த 39ஏ பிரிவுக்கு அதன் பிறகுதான் உயிர் வந்தது.

ஆனால் விழுப்புரத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் ஹுசைனாரா கத்தூனைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவருக்கு மகன் வேண்டும். மகன் கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் இருந்தான்.

அந்தக் காலத்தில் ஜாமீன் என்பது காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற வேலை. முதலில் பஸ் பிடித்துக் கடலூர் போய், வக்காலத்தில் கைதியிடம் கைநாட்டு வாங்கி, அதில் ஜெயில் அதிகாரி அத்தாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட். அங்கே ஜாமீன் உத்தரவானதும் நகல் மனு போட்டு, நகல் பிரிவில் தவம் கிடந்து, சான்றிட்ட நகலை வாங்கி, திரும்ப மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும். அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்த்து, பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, விடுதலை உத்தரவு தயாராகி, அது ஜெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் லாக்அப் ஆவதற்குள் சேராவிட்டால் மறுநாள்தான். நடுவில் சனி, ஞாயிறு, பொங்கல், ஆயுதபூஜை என்று விடுமுறை வந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஜாமீன் கிடைத்த பிறகும் பத்து நாள் உள்ளே இருந்தவர்களை எல்லா வக்கீலுக்கும் தெரியும்.

இத்தனையையும் ஓடிச் சமாளித்துவிடலாம். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் வந்து எல்லாம் நின்றுவிடும்.

உத்தரவில் இருப்பது ஒரே வரிதான்: இரண்டு நபர் ஜாமீன், தலா ஐயாயிரம். அந்த அம்மாவுக்கு இது புரிய வெகுநேரம் ஆனது. ஐயாயிரத்தைக் கட்ட வேண்டியதில்லை, ஐயாயிரம் பெறுமான சொத்து உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வீட்டு வரி ரசீது கொண்டுவர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "எங்க குடிசைக்கு யாரும்மா வரி வாங்குறாங்க? ஏரிக்கரையிலதான கெடக்குறோம்" என்றார். பட்டா கிடையாது. ரேஷன் கார்டு கிடையாது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதே ஏரிக்கரை. கோர்ட் வாசல் மரத்தடியில் வரி ரசீதோடு வாடகைக்கு வருகிற ஜாமீன்தாரர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கக் காசு கிடையாது.

கடைசியில் ஜாமீன் கிடைத்தது. கொடுத்தவர் ஒரு ரைஸ் மில் முதலாளி. தன் மில் கணக்குப்பிள்ளையையும் உறவுக்காரர் ஒருவரையும் அனுப்பிக் கையெழுத்துப் போடவைத்தார். அந்தச் செலவை, தான் கொடுத்த முன்பணமாக எழுதிக்கொண்டார். மகன் ஜெயிலிலிருந்து வந்த மறுநாள் அம்மா, மகன், மருமகள் மூன்று பேரும் நெல் அவிக்கவும் களத்தில் காயப்போடவும் மில்லுக்குப் போனார்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு அவியல் தொடங்கும். மில்லைவிட்டு வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். கூலியில் கழித்தது போகக் கடன் எவ்வளவு மிச்சம் என்று அவர்களுக்குத் தெரியாது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் 1976-இல்தான் வந்தது. ஏழைக்கு இலவச சட்ட உதவி என்று அரசியல் சட்டத்தில் எழுதிய அதே ஆண்டு. நான் வாதாடி வாங்கிக் கொடுத்த ஜாமீன் உத்தரவு அந்த மில்லின் கேட் வழியாக அவர்களை உள்ளே கொண்டுபோய் விட்டது. சட்டத்தில் ஒரு தப்பும் நடக்கவில்லை. செஷன்ஸ் கோர்ட் கருணையோடுதான் உத்தரவு போட்டது, மாஜிஸ்திரேட் வழக்கப்படிதான் ஜாமீன்தாரரைப் பார்த்தார். ஏரிக்கரையில் இருப்பவனுக்காக நிற்கக்கூடிய சொத்துக்காரர் ஊரில் யார் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி முன்னின்று தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வந்த பிறகுதான் இந்த மாதிரிக் குடும்பங்கள் பயம் தெளிந்து மனு கொடுக்க ஆரம்பித்தன. அந்த மூன்று பேருக்கும் பின்னால் கோட்டாட்சியர் விசாரணை நடந்து கொத்தடிமை விடுதலைச் சான்று கிடைத்தது. மகன் மேல் போட்ட திருட்டு வழக்கு சாட்சி இல்லாமல் விடுதலையில் முடிந்தது. வழக்கு முடிந்தது தெரியாமலே அவன் சில மாதம் வாய்தாவுக்கு வந்துகொண்டிருந்தான்.

ஜாமீன் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதை 1978-லேயே சொல்லிவிட்டது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். மோதிராம் வழக்கு. மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. கீழ்க்கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. தம்பியோ அண்ணனோ ஒரு சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். மோதிராம் மறுபடியும் டெல்லிக்கு மனு போட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் கொதித்துப்போய் எழுதிய தீர்ப்பு அது. ஏழையிடம் அவனால் முடியாத தொகைக்குப் பிணை கேட்பதும், வெளியூர்க்காரன் என்று ஜாமீன்தாரரைத் தள்ளுவதும் கூடாது என்று சொல்லி, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே மோதிராமை விட்டார். அந்தத் தீர்ப்பின் நகல் என் பையில் எப்போதும் இருக்கும். வாதத்தில் நான் எடுத்துச் சொல்லும்போது நீதிபதிகள் மரியாதையோடு கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு, இரண்டு நபர் ஜாமீன் என்று எழுதுவார்கள்.

அந்தக் காலத்தில் இருந்த ஒன்று இப்போது இல்லாமல் போனதையும் சொல்ல வேண்டும். அது கோர்ட் வராந்தா.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரிமாண்ட் நீட்டிப்புக்காகக் கைதிகளைக் கூட்டிவருவார்கள். ஆயுதப்படைக் காவலர்கள் கூடவே வருவார்கள். கோர்ட் கூப்பிடும் வரை வராந்தாவில் உட்காரவைப்பார்கள். அன்றைக்குக் குடும்பம் பூராவும் வந்துவிடும். புளிசாதப் பொட்டலம், பீடிக்கட்டு, கைக்குழந்தை எல்லாம் வரும். ஜெயிலுக்குப் போய் மனு போட்டுப் பார்க்க பஸ்ஸுக்குக் காசில்லாத தாய்மார்கள் அங்கேதான் பிள்ளையைப் பார்த்தார்கள். வக்கீலுக்கும் அதுதான் இடம். போலீஸ் எங்கே அடித்தார்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள், பிடித்தது எந்த நாள், கணக்கில் காட்டியது எந்த நாள் எல்லாம் அந்த வராந்தாவில் குந்தியபடிதான் சொல்வார்கள். நல்ல ஏட்டு ஒருவர் அமைந்தால் கொஞ்சம் தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பார். பேச நேரம் கிடைக்கும்.

அப்போதும் குறை இருந்தது. வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று பல வாய்தாவுக்குக் கைதியைக் கொண்டுவரவே மாட்டார்கள். ரிமாண்ட் மட்டும் நீண்டுகொண்டே போகும். வீடியோ கான்பரன்ஸ் அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தது, தீர்த்தும்விட்டது. முதல் ரிமாண்டுக்கு நேரில் நிறுத்தினால் போதும், அதன் பிறகு திரை வழியாக நீட்டிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. இன்றைக்கு ஜெயிலில் ஓர் அறையில் வரிசையாக நிற்கிறார்கள். பெயர் கூப்பிட்டதும் திரையில் முகம் வருகிறது. தேதி சொல்கிறார்கள். முகம் போய்விடுகிறது. பத்து பேருக்குக் கால் மணி நேரம் ஆகாது. முதுகில் இருக்கும் தழும்பைத் திரையில் யாரிடம் காட்டுவது? கோர்ட் வராந்தாவில் புளிசாதத்தோடு இப்போது யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

நல்லதையும் நிறையப் பார்த்துவிட்டேன். 1987-இல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, பெண்கள், குழந்தைகள், தலித்துகள், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் இவர்களில் யாரும் வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை என்று ஆனது. சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். இப்போது 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் சட்ட உதவி பேசலாம். 2022-இல் வந்த திட்டத்தின்படி மாவட்டக் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காகவே முழுநேர வக்கீல்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளம், சொந்த பிராக்டிஸ் கூடாது. வேலை ஒப்பந்த அடிப்படைதான், அதுவே அவர்களுடைய கவலை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் ஜெயிலுக்கு ஒழுங்காகப் போகிறார்கள், படிக்கிறார்கள், குறுக்கு விசாரணைக்கு இரவெல்லாம் தயார் செய்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது.

ஜனங்களின் பார்வையும் மாறியிருக்கிறது. 2021-இல் 'ஜெய் பீம்' வந்தது. கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு 1993-இல் கொண்டுபோகப்பட்ட முதனை ராஜாக்கண்ணுவின் மனைவிக்காக, அப்போது வக்கீலாக இருந்த சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு நடத்திய வழக்குதான் அந்தக் கதைக்கு அடிப்படை. படத்தில் இருளர் என்று காட்டினார்கள், ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். அந்த வழக்கு நடந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் குடிசைகளில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. படம் பார்த்த பிறகு பேரப்பிள்ளைகள் பாட்டியைக் கையைப் பிடித்து சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிவருகிறார்கள். காசு வாங்காத வக்கீல் பேசுவாரா என்ற கேள்வியை நான் கேட்டு வெகுகாலம் ஆயிற்று.

உத்தரவின் வேகமும் அப்படித்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வழிமுறை வகுத்தது. ஜாமீன் கொடுத்த அன்றோ மறுநாளோ உத்தரவின் நகலைக் கோர்ட்டே ஜெயிலுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வரவில்லை என்றால் ஜெயில் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. மோதிராமுக்குச் சொன்ன அதே விஷயம். நடுவில் நாற்பத்தைந்து வருஷம் போயிருக்கிறது.

அந்த மோதிராம் இப்போது நம் ஊருக்கு வந்திருக்கிறார். நான்கு வழிச்சாலைக்குக் கம்பி கட்ட, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு, செங்கல் சூளைக்கு, ஓட்டலில் இலை எடுக்க என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பிள்ளைகள். சமீபத்தில் எங்கள் மாவட்டத்தில் சாலை வேலைக்கு வந்த ஓர் ஒடிசா பையன், சைட்டில் கம்பி திருடியதாகப் பிடிபட்டான். சட்ட உதவி வக்கீலான ஒரு பெண் வாதாடி ஜாமீன் வாங்கினாள். சாயங்காலமே உத்தரவு போனில் தெரிந்தது. ஜெயிலுக்கும் போய்விட்டது. நகல் பிரிவு, தவம், பஸ், லாக்அப் நேரம் எதுவும் இல்லை. என் காலத்தில் பத்து நாள் எடுத்த பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கிறது.

பையன் உள்ளேயே இருந்தான். உத்தரவில் இரண்டு நபர் ஜாமீன், அதில் ஒருவர் ரத்த சம்பந்தமுள்ளவராக இருக்க வேண்டும். அவன் அம்மா காலாஹாண்டியில் இருக்கிறார். கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. கூட வேலை செய்தவர்கள் அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார்கள். ஏழைக் கைதிகளுக்காக 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், விசாரணைக் கைதியின் பிணைத் தொகையை ஒரு வரம்பு வரை அரசே கொடுக்கலாம். அதற்கு மாவட்டந்தோறும் குழு உண்டு. நல்ல திட்டம். ஆனால் நம் கோர்ட்டுகள் பெரும்பாலும் கேட்பது பணத்தை அல்ல, ஆளை. காலாஹாண்டியிலிருந்து ரத்த உறவை எந்தக் குழு ஒப்புதல் போட்டு வரவழைக்கும்?

இருளர் பிள்ளைகளுக்கு முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. படித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. கீழே இன்னொரு உட்பிரிவு இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஓர் இருளர் பையன் ஒரு கேசில் உள்ளே போனால், துப்புக் கிடைக்காத பழைய திருட்டுகளுக்கு மற்ற ஸ்டேஷன்காரர்கள், ஜெயிலில் இருப்பவனைத் தங்கள் கேசுக்கு வரவழைக்கும் பி.டி. வாரண்டை வரிசையாகப் போடுவது முப்பது வருஷமாக நான் பார்க்கிற வழக்கம். ஒரு வழக்கு ஐந்தாக, எட்டாக ஆகிவிடும். யாருக்காக அந்தப் பிரிவு தேவையோ அவனைத்தான் உட்பிரிவு வெளியே நிறுத்துகிறது.

எழுபதுகளில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் விசாரணைக் கைதிகள். அதைக் கண்டுதான் ருஸ்தம்ஜி பதறினார், ஹிங்கோரானி வழக்குப் போட்டார். 2022 முடிவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கணக்கில் 5,73,220 கைதிகள், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். இத்தனை தீர்ப்பு, இத்தனை சட்டம் எல்லாம் வந்த பிறகு உள்ள கணக்கு இது. எனக்கு இதில் கோபம் வருகிறது. கோபம் வர வேண்டிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன்.

ரத்த சம்பந்த ஜாமீன் என்ற அந்த வரி எந்தச் சட்டப் பிரிவிலும் கிடையாது. டைப் அடித்த பழைய உத்தரவிலிருந்து புது உத்தரவுக்கு வழக்கமாக வந்துகொண்டிருக்கிறது. அதனால் இப்போது சட்ட உதவிப் பிள்ளைகளிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். ஜாமீன் கிடைத்த பிறகு நிபந்தனையைத் தளர்த்த மனு போடுவது இரண்டாவது வேலையாக இருக்கட்டும். ஜாமீன் கேட்கிற அன்றே, உத்தரவு எழுதுவதற்கு முன்னாலேயே, இவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிடு. மோதிராமைச் சொல், 2023 உத்தரவைச் சொல், சொந்தப் பிணை கேள். அதற்கு முதல் நாளே ஜெயிலுக்குப் போய்க் கைதியை நேரில் பார்த்துப் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் திரையில் இதெல்லாம் தெரியாது.

ஒடிசா பையனுக்கு அந்தப் பெண் மாற்று மனு போட்டாள். மாஜிஸ்திரேட் முழுசாகக் கேட்டார். ரத்த சம்பந்தம் என்ற வரியை அடித்துவிட்டுச் சொந்தப் பிணையில் விட்டார், திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்லி. அதே சிறையில், அதே மாதிரி உத்தரவோடு இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய மனு வெள்ளிக்கிழமை வாய்தாவுக்கு இருக்கிறது.